தலைகுந்தா, எழுபத்தொன்று

இந்த ப்ராசஸரை எனக்கு விற்றவன் திருப்பூர்க்காரன், நியாமத்துல்லா.
பனியன் கம்பெனிக்கு மேலே தகரக்கூரை அறை.
நாலரை கிகாஹெர்ட்ஸ் தாண்டினாலே
நூறு டிகிரியைத் தொட்டுத் தானாய் முடங்கிவிடுமாம்.
"சித்திரையில் இதை ஓட்டுறது
காய்ச்சல்காரனை மூட்டை தூக்கச் சொல்ற மாதிரி" என்றான்.
பாதி விலை. பழைய பேஸ்ட்
காய்ந்த சுண்ணாம்பாய் அதன் முதுகில்.

சுரண்டித் துடைத்தேன்.
பட்டாணி அளவு புதிது வைத்து
மூலைக்கு மூலை மாற்றித் திருகினேன்;
ஒரே பக்கமாய் இறுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும்.
பிறகு ஜன்னலைத் திறந்தேன்.
வெளியே இரண்டு டிகிரி,
காசு கொடுக்காமல் கிடைத்த குளிர்.

ஐந்து. ஐந்து புள்ளி ஒன்று.
அடுத்த படிக்கு வோல்டேஜ் கேட்டது,
துளி கொடுத்தேன். நீலத்திரை.
இன்னொரு துளி.
ஐந்து புள்ளி இரண்டில் நின்றது.
எழுபத்தொன்று. எழுபத்தொன்று. எழுபது. எழுபத்தொன்று.
கம்பளிக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டி
எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் கூடலூர்க் கல்யாணம்,
ஜோஸ்பின், எட்வின், நான்கு கேமரா.
காலை ஆறு மணி பஸ்ஸில் பென்டிரைவ் போயாக வேண்டும்.

தோட்டத்தில் டார்ச் வெளிச்சம்.
வீட்டுக்காரர் போஜன் இளந்தேயிலையின் மேல்
தாகைச் செடி பரப்பிக்கொண்டிருந்தார், உறைபனிக்கு.
நிமிர்ந்து
நடு ஜனவரியில் விரியத் திறந்த என் ஜன்னலைப் பார்த்தார்.
அட்வான்ஸ் வாங்கும்போது
இதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை நாங்கள்.

பதினொன்றே காலுக்குக் கதவு தட்டியது.
ருக்கியம்மா, கையில் அட்டைப்பெட்டி,
பெட்டிக்குள் கீச்கீச்.
"பல்பு போயிருச்சு. கடை காலைலதான்.
உன் மெஷினுக்குப் பின்னாடி சூடா காத்து வருதுல்ல?"
உங்களுக்கு எப்படித் தெரியும்?
"உன் சாக்ஸெல்லாம் அங்கதானே காயுது."

ஜன்னலை மூடச் சொன்னாள். மூடினேன்.
எழுபத்தெட்டு. எண்பத்து மூன்று. எண்பத்தொன்பது.
விசிறிகள் அலறின; அந்தக் காற்றில்
குஞ்சுகள் ஒரு மூலையில் ஒண்டின.
"ஒண்டிக் கெடந்தா குளிரு.
விலகி வாயத் தொறந்தா சூடு ஜாஸ்தி.
பரவலாப் படுத்துத் தூங்குனா சரி."
சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எத்தனையோ ராத்திரி வரைபடம் பார்த்திருக்கிறேன்,
சிவப்புக் கோடு, மஞ்சள் கோடு.
அன்று பெட்டிக்குள் பார்த்து ட்யூன் செய்தேன்.
வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கி
நாலு புள்ளி ஒன்பதுக்கு வந்து
விசிறியை அறுபது சதவீதத்தில் கட்டிப்போட்டேன்.
எண்பத்திரண்டு.
ஒரு குஞ்சு எழுந்து, இரண்டடி நடந்து,
தீவனத் தட்டிலேயே கண்ணை மூடியது.
மற்றவையும் ஒவ்வொன்றாய்.

மூன்று நாற்பதுக்கு ரெண்டர் முடிந்தது.
இதை நான் யோசித்திருக்கவில்லை.
வேலை இல்லாத சில்லு
ஐந்து நிமிடத்தில் முப்பத்தாறு.
பின்னால் வந்தது வெறும் மலைக்காற்று.
ஒண்டத் தொடங்கின.

வேறென்ன செய்ய?
ஜோஸ்பினுக்கும் எட்வினுக்கும்
யாரும் கேட்காத பெரிய அளவில்
மறுபடி கல்யாணம் செய்துவைத்தேன்.
மறுபடி மணி அடித்தது,
மறுபடி மோதிரம் விரலில் சிக்கி
மாமா ஒருவர் சிரித்தார்.
எண்பத்திரண்டு.

விடிந்தபோது புல்லெல்லாம் உப்பு.
போஜன் வாசலில் நின்று
"எத்தனை?" என்றார்.
எண்பத்திரண்டு, ராத்திரி முழுக்க ஏறவே இல்லை என்றேன்.
"குஞ்சக் கேட்டேன்."
பதினொன்று.
கொண்டுவந்ததும் பதினொன்றுதான்.

பிப்ரவரியில் வெப்பம் லேசாய் ஏறியிருந்தது.
அடியிலிருந்த வடிகட்டியைக் கழற்றினால்
தூசியோடு மெல்லிய மஞ்சள் பஞ்சு.
ஊதிவிட்டு மாட்டினேன்.
இரண்டு டிகிரி குறைந்தது.