அறுபது கிராம்

ஐப்பசியின் முதல் மழைக்கு மறுநாள்
அம்பகாமக் காட்டில் ஏழாம் நிரையில்
முழந்தாளில் இருந்தேன்.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் பனிப்புகார்.

விசில் கேட்டது.
இரண்டு துண்டாக:
ஒன்று ஏறி, மற்றது இறங்கி.

விசில் கேட்டால் மண்ணிலிருந்து கையை எடு,
எழும்பு, வந்த வழியே திரும்பு.
பயிற்சியின் முதல் நாள் பாடம்.
பன்னிரண்டு பெண்களும் எழும்பி
வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவால் பின்னுக்கு வந்து
ஆளை ஆள் பார்த்தோம்.

மேற்பார்வை அருள்நேசன்
தேத்தண்ணிக் கோப்பையோடு கூடாரத்தடியில்.
அவருடைய விசில் அவருடைய பையிலேயே.
"ஆர் ஊதினது?"
ஒருவரும் இல்லை.
பாலை மரத்துக்கு அப்பால் காடு
இன்னொருக்கால் ஊதியது.

குலமதிதான் முதலில் சிரித்தாள்:
"அண்ணை, ஆறுமணிக்குருவி!
மணி ஆறு பத்து.
அதுக்கும் இண்டைக்குப் பிந்திப்போச்சு."

திரும்பிப் போய்க் குந்தினேன்.
என் அளவுகோலுக்கு அப்பால்,
சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு அந்தப் பக்கம்,
இன்னும் ஒருவரும் தொடாத சருகில்
அது தத்திக்கொண்டு வந்தது.
முதுகு பச்சை. கண்ணுக்குக் குறுக்கே
கள்ளனுக்குக் கட்டினதுபோல் கறுப்புத் துணி.
நெஞ்சு, பழுத்த பாலைப்பழத்தின் மஞ்சள்.
செட்டையில் ஒரு துளி நீலம்,
யாரோ தூரிகை உதறினதில் தெறித்தது.
குனிந்தபோது வாலடியில் சிவப்பு.
அதே சிவப்பு,
நாங்கள் கட்டைக்குப் பூசுகிற அதே சிவப்பு.

ஒரு சருகைப் புரட்டியது.
நான் மூச்சை நிறுத்தினேன்.
அடுத்த சருகு.
நான் ஒரு சாணுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கிற நிலத்தை
அது அலகால் இப்படி, அப்படி,
புழுவுக்காகக் கலைத்துக்கொண்டு போனது.

இடைவேளையில் அம்புலன்ஸ் தாதி பிலோமினா சொன்னாள்:
இமயத்து அடிவாரம், மழை ஓயாத மலைக்காடு,
அங்கேதான் கூடு கட்டுமாம்.
இரவிரவாகப் பறந்து கடல் தாண்டி
இங்கே விழுமாம், களைத்து,
சில வேளை கிணற்றுக்குள், சில வேளை அடுப்படிக்குள்.
கையில் எடுத்தால் அறுபது கிராம்கூட வராதாம்.

நானும் அந்தக் கடலை ஓர் இரவு தாண்டினவள்.
ஆறு வயது. படகில் முப்பத்தொரு பேர்.
மண்டபத்தில் இறங்கியதும்
பெயர், தகப்பன் பெயர், ஊர்,
கேட்டு எழுதினார்கள்.
குருவியிடம் ஒருவரும் கேட்பதில்லை.
அதற்காக நான் அதில் எரிச்சல்படவில்லை;
கொஞ்சம் பட்டேன்.

மூன்றாம் நாள்
அது புழு தின்ற அதே இடத்தில்
கருவி கத்தியது.
சுரண்டச் சுரண்ட வந்தது ரப்பர் மூடி,
உள்ளங்கை அளவு, இருபது வருசமாய் விழித்தபடி.
ஒரு பிள்ளையின் கால் போதும் அதற்கு.
அறுபது கிராம் போதாது.
இந்தக் காட்டில் நினைத்த இடத்தில் கால்வைக்கிற உரிமை
அந்த எடைக்கு மட்டும்தான் இருந்தது.

பின்னேரம் படிவம் நிரப்பினேன்.
துப்பரவான நிலம்: நாலு சதுர மீற்றர்.
கண்டெடுத்தது: ஒன்று.
வேறு குறிப்பு: குருவி.
அருள்நேசன் பேனையால் தட்டினார்.
"இதென்ன? எந்தக் குருவி?"
"தோட்டக்கள்ளன் எண்டும் சொல்லுவினம், அண்ணை."
"இங்க ஆற்றை தோட்டம் கிடக்கு?"
வெட்டுவார் என்று பார்த்தேன். வெட்டவில்லை.

அடுத்த நாளிலிருந்து எங்கள் விசில் மூன்று முறை என்றானது,
குருவிக்கு மூன்று எண்ணத் தெரியாது என்று.

சித்திரை பிறந்து ஒரு விடியல்
காடு ஊதவில்லை.
கருவிகளின் முனகல் மட்டும்.
எட்டரைக்கு அருள்நேசன் ஊதினார்,
ஒன்று, இரண்டு, மூன்று.
எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.
நான் கையை எடுத்துவிட்டு
இன்னும் ஒரு கணம் இருந்தேன்,
காது அந்தப் பக்கம்.