பத்து மணிக்கு முன்

பங்குனி பிறந்து ஆறாம் நாள்
மலையிலிருந்து மச்சான் கூப்பிட்டான்.
"வெயில் வந்துடுச்சு மாமா" என்றான்,
கெடிலத்தில் தண்ணி வந்துடுச்சு என்று
எங்கள் ஊரில் சொல்லும் குரலில்.

நான் கடலூர் முதுநகரில்
ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு.
உப்புத் தண்ணீர்த் தொட்டியில் கேன்களை இறக்கி
அம்மோனியா நெடியில் விடிய விடிய விழித்திருந்து
பார் பாராகத் துறைமுகத்துக்கு ஏற்றிவிடுபவன்.
வெயில் எனக்கும் எதிரிதான்.
ஆனால் என் வெயில்
பாருக்கு நாலு கிலோ திருடும், அவ்வளவுதான்.
அவனுடைய வெயில்
மலையின் தோலை உரிக்கும்.

கல்யாணத்தன்று கேலி செய்தவன் கலியமூர்த்தி:
"எங்க அக்காவுக்கு ஐஸ்காரனா கெடச்சான்?"
இப்போது பனியைப் பற்றி
என்னிடம்தான் பேசுகிறான்.
தையல்நாயகியிடம் பேசுவது
சோறு, சம்பளம், லீவு.

அடியில் பழசு, மேலே புதுசு,
நடுவே சர்க்கரை மாதிரி ஒட்டாத ஒரு படுகை.
ராத்திரிக் குளிரில் எல்லாம் இறுகிக் கிடக்குமாம்.
மூன்று மணிக்குக் கிளம்பி
பத்துக்குள் அந்தச் சரிவைக் கடந்துவிட வேண்டுமாம்.
அதற்கு மேல் தண்ணீர் உள்ளே இறங்கும்.

"கத்துனா விழுமாடா?"
"அதெல்லாம் சினிமா மாமா.
கால் வச்சா விழும்.
சில நாள் கால் வைக்காமலும் விழும்."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது. பிறகு,
"மொதல்ல சின்னச் சின்ன உருண்டை
தானா உருண்டு வரும்,
எலுமிச்சம்பழம் சைசுல.
பாக்க அழகா இருக்கும்.
பாத்துட்டு நிக்கக் கூடாது."

நேற்று எனக்கு டபுள் டியூட்டி.
பகலில் கரண்ட் போய்
ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு ஓய்ந்தது.
கிடங்கில் ஏழு அடுக்கு, இருநூற்றுப் பத்து பார்.
கதவைத் திறந்து போட்டு
லாரிக்கு இழுத்துக்கொண்டிருந்தான்
போன வாரம் சேர்ந்த சூசைநாதன்,
கையில் கொக்கி, வாயில் ஏதோ பாட்டு.

மேலடுக்கிலிருந்து ஒரு சில்லு
உருண்டு வந்து அவன் செருப்பருகே நின்றது.
இன்னொன்று.
அதைக் காலால் தட்டி விளையாடினான்.
மூன்றாவது,
எலுமிச்சம்பழம்.

கணக்கு எழுதிய பேனாவை
எங்கே போட்டேன் என்று இன்னும் தெரியவில்லை.
காலரைப் பிடித்து இழுத்ததில்
அவன் சட்டையில் பட்டன் இரண்டு போயிற்று.
திட்டினான், நல்ல துறைமுகத்துத் திட்டு.
பாதித் திட்டில்
அடுக்கு இறங்கியது.

பெரிய சத்தமில்லை.
தூக்கத்தில் யாரோ புரண்டு படுத்தது போல.
அவன் நின்ற இடத்தில்
ஐஸுக்கு வெளியே
கொக்கியின் கைப்பிடி மட்டும்.

முதலாளி வந்து எண்ணினார்.
உடைந்தது நாற்பத்தெட்டு பார்.
சூசைநாதன் எதிர்க்கடையில்
மூன்று பன் தின்றான், பேசாமல்.

மச்சானிடம் சொல்லத்தான் போன் போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது ஒரு பெண் குரல்.
மணி பதினொன்றே முக்கால்.
மறுபடி போட்டேன்.
வாசல் சாக்கடையில்
நாற்பத்தெட்டு பார் ஓடிக்கொண்டிருந்தது,
ஒரு நாய் நக்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் தையல்நாயகி கேட்டாள்:
"தம்பி பேசுனானா?"
"டவர் இல்லையாம்."
"உங்களுக்குக் கரண்ட் வந்துடுச்சா?"
"வந்துடுச்சு."
கொக்கியைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.

இப்போது மணி மூன்று.
அங்கே பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பான்,
இருக்க வேண்டும்.
கேனைத் தண்ணீரில் முக்கிக் கவிழ்க்கிறேன்.
எத்தனையோ ஆயிரம் முறை பார்த்ததுதான்:
ஓரம் நனைந்ததும்
மொத்தமும் பிடியை விட்டுவிடும்.
வழுக்கி வரும் பாரை
கொக்கி போடாமல்
இரண்டு கையாலும் பிடித்து நிறுத்துகிறேன்,
விரல் மரத்துப் போகும்வரை.