நாற்பத்திரண்டாவது டப்பா

ஜிகணி தாண்டி, கிரஷர் சாலையில் இடப்பக்கம் திரும்பினால்
நாற்பத்தொரு வீடுகள்.
வீட்டுக்கொன்று கட்டித் தொங்கவிட வந்தேன்.
உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா,
அதன் அடியில் நகத்தளவு பிலிம்.
சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி,
பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.
தொண்ணூறு நாள் தொடக்கூடாது.

கேமராவா? என்றான் ஒரு பொடியன்.
இல்லை.
கொசுவுக்கா?
இல்லை. கல்லுக்குள்ளிருந்து ஒரு வாயு கசியும்.
நிறம் கிடையாது, மணம் கிடையாது.
"கல்லுக்குள்ள தேரை கேள்விப்பட்டிருக்கோம்,
காத்துமா?" என்றார் பொன்னுரங்கம்.
கொஞ்சம் யோசித்து,
"நம்ம மெம்பர் மாதிரின்னு சொல்லுங்க.
இருப்பாரு. ஆனா தெரியமாட்டாரு."

குவாரிக்கு மூன்று விரலைக் கொடுத்தவர்.
மிச்சம் ஏழை வைத்துக்கொண்டு
நான் கேட்காமலே எல்லா டப்பாவுக்கும்
சணலில் முடிச்சுப் போட்டுத் தந்தார்,
வெடிமருந்துத் திரி கட்டுகிற முடிச்சு,
அவிழாது.

தொண்ணூறு நாள் கழித்து முப்பத்தெட்டு தேறின.
ஒன்றின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.
ஒன்றில் கோலிக்குண்டு இருந்தது.
ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் இடம் மாறி
குங்குமப் பொட்டோடு, காய்ந்த மல்லிகையோடு.
லேப் அதை ஏற்காது என்று சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

கொதிக்காத சூட்டில் காரத்தில் ஊறவைத்து
மைக்ராஸ்கோப்புக்கு அடியில் எண்ணினோம்:
மாவில் எறும்பு நடந்துபோன தடம் போல
புள்ளிகள், சிறு கோடுகள்.
வந்தது போனதற்கு அது ஒன்றே சாட்சி.

காற்று பூந்து டப்பா ஆடுமே என்று
மன்னிப்புக் கேட்ட லூர்துமேரியின் தகர வீட்டில்
மிகக் குறைவு.
மிக அதிகம் பிரமிளா வீட்டில்.
குவாரிக் கல்லில் சுவர்,
முகம் தெரியும் கிரானைட் தரை,
ரப்பர் வைத்து இறுக்கிய கண்ணாடி ஜன்னல்.
அந்த அறையில்தான் ஷாலினி
பத்தாம் வகுப்புக்கு இரவு பன்னிரண்டு வரை படிக்கிறாள்.

காகிதத்தில் இருந்ததைப் படித்துக் காட்டினேன்:
ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

பிரமிளா ஒன்றும் சொல்லவில்லை.
வெளியே போய், ஜன்னல் விளிம்பில் ஒரு விரலை இழுத்து
என் கறுப்பு நோட்டு அட்டையில் தேய்த்தாள்.
வெள்ளைக் கோடு.
"அவருக்கு ரெண்டு வருஷமா இருமல்.
அந்தத் தூசுக்குத்தான் கடன வாங்கி கண்ணாடி போட்டோம்.
எப்பத் திறக்கணும்னு இதுல போட்டிருக்கா?"

போட்டிருக்கவில்லை.
கிரஷர் நிற்கும் நேரத்தை அவர்களே சொன்னார்கள்:
மதியம் ஒன்றிலிருந்து இரண்டு.
ராத்திரி பத்துக்கு மேல், சில நாள் அதுவும் இல்லை.
அமாவாசைக்கு முழுநாள்.
ஷாலினி பரீட்சை அட்டவணைக்குக் கீழே
பென்சிலால் எழுதிக்கொண்டாள்,
கணக்குத் தேர்வுக்கு அடுத்த வரியில்
"ஜன்னல்" என்று.

பஸ் நிறுத்தம்வரை பொன்னுரங்கம் கூட வந்தார்.
"ஒங்க வீட்ல எவ்ளோ வந்துச்சு?"

பொம்மனஹள்ளியில் தரைத்தள அறை.
நாலு பக்கமும் கட்டடம்,
ஓனர் பெருமையாய்ச் சொன்ன கிரானைட்,
கொசுவுக்குப் பயந்து நான் திறக்காத ஒரே ஜன்னல்.
பார்க்கவில்லை என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.

நாற்பத்திரண்டாவது டப்பா
இன்னும் பையிலேயே கிடக்கிறது,
அவர் போட்ட முடிச்சோடு.
ஆணி வாங்க வேண்டும் என்று
தினமும் நினைத்துக்கொள்கிறேன்.