நூற்றுக்கு ஒரு பங்கு

உரக்கடைக்கு மேல்மாடியில் என் ஆய்வறை.
கீழே களைக்கொல்லி லிட்டர் கணக்கில் போகிறது,
ராயக்கோட்டைத் தக்காளி வண்டிகளின் ஹாரனுக்கு நடுவே.
கடைக்காரர் வாடகையை ஏற்றவே இல்லை;
என்னைப் போட்டியாக அவர் நினைக்கவில்லை.

தைலமரத்து இலை, நிழலில் உலர்த்திப் பொடித்தது,
ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில்.
வடிகட்டினால் கடுங்காப்பி நிறம்,
ஜலதோஷம் பிடித்த வீட்டின் வாசம்.
கண்ணாடித் தட்டில் ஈரத்தாள் விரித்து
இருபத்தைந்து கேழ்வரகு,
இன்னொன்றில் இருபத்தைந்து பார்த்தீனியம்.
பிறகு எண்ணுவது.
சித்திரையிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

முழுச் சாற்றில் ஒன்றும் விழிக்கவில்லை.
பாதிச் சாற்றில் பார்த்தீனியம் மூன்று,
வேர்நுனி தீய்ந்து, கொக்கியாய் மடங்கி.
சந்தோஷத்தில் இறங்கிப்போய் ஒரு டீ குடித்தேன்.
திரும்பி வந்து பக்கத்துத் தட்டைத் திறந்தால்
கேழ்வரகு ஒன்பது. அதுவும் கொக்கி.
பயிர், களை என்பதெல்லாம்
வரப்புக்குள் நாம் பேசிக்கொள்வது.
இலை அந்த வகுப்புக்கு வரவில்லை.

விதை தீர்ந்துபோய்
ரயில்வே கேட் ஓரம் பார்த்தீனியம் உருவும்போது
நஞ்சம்மா பார்த்துவிட்டாள்.
தளிப் பக்கம் பிறந்தவள்;
தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பாள்.
பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு களைக்கொத்து,
இந்த வட்டாரத்துக் களையெடுப்புக்கு அவள்தான் மேஸ்திரி.
"இதைப் போய் யாராவது பைல கட்டுவாங்களா?"

சொன்னேன்.
இலையிலிருந்தே மருந்து, மண் கெடாது,
கிணற்றுத் தண்ணியில் தங்காது, விலையும் குறைவு.
முழங்கையைச் சொறிந்தபடி கேட்டாள்.
பார்த்தீனியம் பட்டுப் பட்டு அந்த இடம்
யானைத்தோலாகக் கறுத்திருந்தது.
"ஹௌதா," என்றாள் முதலில்.
அப்புறம்: "பாட்டில் மருந்து வந்தப்ப பாதி நாள் கூலி போச்சு.
மீதிப் பாதிக்கு இலையே போதும்னு சொல்றே."

திட்டவில்லை. கணக்குச் சொன்னாள்.
என் குறிப்பேட்டில் முளைப்புக்கு ஒரு கட்டம்,
வேர் நீளத்துக்கு ஒரு கட்டம்,
ஈரத்துக்கு, வெப்பத்துக்கு.
இதற்குக் கட்டம் கிடையாது.

அந்த வாரம் ஒரு தவறு நடந்தது.
சாறு இருந்த குடுவையை அலசி
அந்தத் தண்ணீரையே, தூக்கக் கலக்கத்தில்,
வெறுந்தண்ணீர் என்று கடைசி வரிசைக்கு ஊற்றியிருக்கிறேன்.
நூற்றுக்கு ஒரு பங்கு இருந்திருக்கும். அதற்கும் கீழே இருக்கலாம்.
ஐந்தாம் நாள் அளவுகோல் வைத்தால்
வெறுந்தண்ணீரில் வேர் முப்பத்தொரு மில்லிமீட்டர்,
அலசின தண்ணீரில் முப்பத்தெட்டு.
திரும்பச் செய்தேன். முப்பத்தேழு.
இன்னொரு தடவை. முப்பத்தொன்பது.
தீய்த்த அதே இலை,
கை தளர்ந்தபோது ஊட்டியிருக்கிறது.

ஓடிப்போய்ச் சொன்னேன், கேழ்வரகுக் கொல்லையில்.
விதையை ஊறவைத்து விதைத்தால் போதும்,
கொல்ல வேண்டாம், வளர்க்கலாம்,
உங்கள் கூலிக்கும் பங்கம் இல்லை.
குத்தவைத்தபடியே நிமிர்ந்தாள்.
"பயிர் வளருது சரி. களை?"

பொய் சொல்ல வரவில்லை.
பதினான்கு மில்லிமீட்டர் பார்த்தீனியம்
பதினேழாகி இருந்தது.

பன்னிரண்டு பெண்களும் சிரித்த சிரிப்பில்
வரப்பில் இருந்த கொக்கு எழும்பிப் போனது.
"அப்படின்னா நல்ல மருந்துதான்," என்றாள் நஞ்சம்மா,
"ஊத்து, ஊத்து. எங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் வேலை."

மறு சோதனைக்கு விதை வேண்டும்.
இரண்டு நாள், நாளுக்கு நானூறு ரூபாய்,
கைக்கு ரப்பர் உறை என் செலவு.
ரசீதில் எழுதினேன்: பெயர், நஞ்சம்மா.
பணி, களை விதை சேகரித்தல்.
கட்டைவிரலில் மை தொட்டுக்கொண்டே கேட்டாள்:
"இத்தனை வருஷமா பிடுங்கினதுக்குக் கூலி.
இப்ப பத்திரப்படுத்தறதுக்கா?"

ஆமாம் என்றேன்.
கீழே கடையில் யாரோ
ஐந்து லிட்டர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.