பந்தா

ஆட்டம் முடிந்த இரவுகளில் பதினாறாம் எண் டிராலிபஸ்
பூண்டு ரொட்டியும் ஈரக் கம்பளியுமாக மணக்கும்.
தீவு நிறுத்தத்தில் எழுபது பேரை ஏற்றிக்கொண்டு
நேமுனாஸ் பாலத்தில் ஏறினேன்.
கண்ணாடி முழுக்கப் பச்சைச் சால்வை.
நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை.
பார்த்தவர்கள் அத்தனை பேரும் எனக்கு ஆடிக் காட்டினார்கள்.

ஒன்பது நொடி பாக்கியாம். சமநிலையாம்.
கோட்டுக்கு இரண்டு முழம் வெளியிலிருந்து
தௌத்விலாஸ் எறிந்தானாம், இருபது வயசு.
வலை மட்டும் அசைந்ததாம்.
எதிரணி டைம் அவுட் கேட்க,
இவன் நேரே அவர்கள் பெஞ்சுக்கு முன்னால் போய்
காற்றில் ஒரு கதவைச் சாத்தினானாம்.
பூட்டினானாம்.
சாவியைக் கால்சட்டைப் பையில் போட்டானாம்.

அந்தக் கால்சட்டையில் பை கிடையாது.
இருந்தும் போட்டான்.

"பந்து வேற, பந்தா வேற" என்றான் வைதோதஸ்,
புறங்கையில் வெல்டிங் பொறி சுட்ட புள்ளிகள்.
"போட்டியா, திரும்பி ஓடு, உன் ஆளைப் பிடி.
நிறைகுடம் தளும்பாது."

"தளும்பாத குடம் அலமாரியில் இருக்கும்" என்றாள் ரிம்கைலே.
பல் மருத்துவமனையில் வேலை,
நாளெல்லாம் திறந்த வாய்களையே பார்ப்பவள்.
"அதை இடுப்பில் வைத்து நாற்பது நிமிஷம் ஓடு, அப்புறம் பேசு."

"கடைசிப் பந்து வளையத்தில் ரெண்டு சுத்து சுத்திச்சே,
உள்ளே விழுந்திருந்தா?"
"விழுந்திருந்தா கோமாளி."
"விழலையே."
"அப்போ அவன் பூட்டினது கதவையா, இல்லை வளையம் பார்த்துப் பாவப்பட்டதா?"
சிரிப்பில் கண்ணாடிகள் இன்னும் மங்கின.
ஒரு கல்லூரிப் பையன் விரலால் பனியைத் துடைத்துவிட்டு
அந்தப் பூட்டும் அசைவை மெதுவாகச் செய்து பார்த்தான்.
மணிக்கட்டு சரியாக வரவில்லை போல. மறுபடியும்.

பின்சீட்டில் ஒரே ஒரு வெள்ளைச் சால்வை.
வில்னியுஸிலிருந்து வந்தவன், கடைசி ரயிலைப் பிடிக்கப் போகிறவன்.
"நீ சொல்லு, உங்களைப் பார்த்துத்தானே பூட்டினான்?"
பேருந்தே திரும்பியது.
அவன் மடியிலிருந்த சூரியகாந்தி விதைத் தோலை ஊதிவிட்டுச் சொன்னான்:
"மார்ச்சில் எங்கள் ஊருக்கு வரணுமே.
சாவியை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள்."

அந்த வளைவில்தான் கொம்பு கழன்றது.
விளக்குகள் அணைந்தன, ஹீட்டர் ஒரு பெருமூச்சு விட்டது.
இருட்டிலும் வாதம் நிற்கவில்லை.
கையுறை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.
மைனஸ் பதினான்கு. கயிறு கம்பியாக விறைத்திருந்தது.
மேலே பார்க்கவில்லை. பதினெட்டு வருஷக் கை.
இடது கொம்பு, ஒரே வீச்சில்.
வலது கொம்பு, ஒரே வீச்சில்.
நீலப் பொறி ஒன்று தெறித்து, உள்ளே எழுபது முகங்கள் எரிந்தன.

என்ன தோன்றியதோ,
பனியில் நின்றபடியே
காற்றில் ஒரு கதவைச் சாத்திப் பூட்டினேன்.
எனக்குப் பை இருந்தது. நான்கு.
மேல்பையில் போட்டேன்.

ஏறியபோது கைதட்டல் கூரையைத் தொட்டது.
வைதோதஸும் தட்டினான்.
"எப்படி?" என்று ரிம்கைலே அவன் காலரைப் பிடித்தாள்.
"இந்தம்மா பூட்டினது வேற" என்றான்.
"யாரையும் பார்த்துப் பூட்டலையே."
அந்த இரவில் முதல் தடவையாக
வண்டி முழுக்க ஒத்துப்போனது.

எங்களுக்குப் பின்னால் ஐந்தாம் எண் வண்டி நின்றிருந்தது.
ஸ்டியரிங்கில் ப்ரோனியுஸ்.
போன வாரம் இதே வளைவில் அவனுக்கு நாலு தடவை.
நான் பின்னால் காத்திருந்து எண்ணினேன்.

வெள்ளைச் சால்வை மட்டும்
பின்கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துவிட்டு
விதை கொறிக்கத் திரும்பியது.

ப்ரோனியுஸ் ஹாரன் அடித்தான், நீளமாய், இரண்டு தடவை.
வழி கேட்கிறான் என்று
எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.