எதிர்பாராதவை: பத்து சதவீதம்

பன்னிரண்டு மணி நேரம் என்று
அலுவலகத்தில் சொல்லிவிட்டேன்.
ஜூன் மாதம் அது.
சொல்ல என்ன, காசா பணமா?

இப்போது டிசம்பர்.
பஸ்ஸல்டனில், கேரவன் பூங்காவின் ஒன்பதாம் எண் அறையில்
பீட்சா பெட்டியின் மூடியைக் கிழித்து
கூட்டிப் பார்க்கிறேன்.

எனக்குச் சம்பளமே இதற்குத்தான்.
கான்கிரீட் எத்தனை கன மீட்டர், கம்பி எத்தனை டன்,
மழைக்கு எத்தனை நாள் என்று
பெர்த்தில் மற்றவர்களின் பாலங்களுக்கு
விலை எழுதிக் கொடுப்பவள்.
கடைசி வரியில் எப்போதும்
எதிர்பாராதவை: பத்து சதவீதம்.
அந்த வரி இல்லாத கணக்கைக்
கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புவேன்.
என் உடம்புக்கு மட்டும்
அதை எழுத மறந்திருக்கிறேன்.

நீச்சல்.
குளத்தில் ஒன்றரை மணி. ஆனால் குளத்துக்குச் சுவர் உண்டு,
ஐம்பது மீட்டருக்கு ஒருமுறை உதைத்துக் கிளம்ப.
இங்கே மரப்பாலம் கடலுக்குள் போய்க்கொண்டே இருக்கிறது.
நேற்று முனைவரை நடந்தேன்.
நடக்கவே இருபத்தைந்து நிமிடம்.
கீழே ஒரு ஜெல்லிமீன், எந்த அவசரமும் இல்லாமல்.
ஒன்று முப்பத்தைந்து என்று எழுதினேன்.

ஈர உடையை உரிக்க, சாக்ஸ் தேட,
ஒரு நிமிடம் சும்மா உட்கார: பன்னிரண்டு.

சைக்கிள், நூற்று எண்பது கிலோமீட்டர்.
தட்டையான தரை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.
தட்டை என்றால் இறக்கமும் கிடையாது என்று
ஒருவரும் சொல்வதில்லை.
மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்;
டுவார்ட் மரங்கள் கொஞ்சம் மறைக்கும், கொஞ்சம்தான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு.
காற்றில் போடுவதற்கும் அதேதான்.
ஏழு இருபது.

காலணி மாற்ற, கழிப்பறை வரிசையில் நிற்க: பத்து.

பிறகு, ஓட்டம் என்று பெயர் வைத்திருக்கிற அது.
போன வருடம் வெறும் மாரத்தான், புதுக் காலோடு,
நான்கு ஐம்பது.
அதைத்தான் அப்படியே
பன்னிரண்டுக்குள் நுழைத்திருந்தேன்,
இரவல் நகையோடு கல்யாணத்துக்குப் போகிற மாதிரி.
ஐந்து ஐம்பத்தைந்து.
ஓரத்தில் சிறிதாக: பாதி நடை.

மொத்தம் பதினைந்து பன்னிரண்டு.

மேலிருந்து கீழ் கூட்டினேன். கீழிருந்து மேல்.
குறையாதா என்று கூட்டுகிறவளுக்குக்
கூட்டல் இரங்குவதில்லை.

அறவாழி பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டான்:
"நான் எத்தனை மணிக்கு அங்கே நிற்கணும்?"

எத்தனை மணி நேரம் என்று
ஆறு மாதமாய்க் கேட்டார்கள்.
எத்தனை மணிக்கு என்று
ஒருவரும் கேட்டதில்லை.

பழைய பன்னிரண்டு வாய்வரை வந்துவிட்டது.
மாலை ஆறு என்று சொன்னால்
ஆறிலிருந்து ஒவ்வொரு தொப்பிக்கு அடியிலும் என்னைத் தேடுவான்.
ஏழு. எட்டு.
மருத்துவக் கூடாரத்தில் போய்ப் பெயரை விசாரிப்பான்.
என் பெருமைக்கு அவன் மூன்று மணி நேரம்
வாடகை கட்டுவான்.

"ஒன்பது பன்னிரண்டு" என்றேன். "காலை ஆறுக்கு விட்டால்."

"பத்து சதவீதம் சேர்த்தா?"

சேர்க்கவில்லை.
சேர்த்தால் பத்து நாற்பத்து மூன்று.
பதினொன்றுக்கு வாசலை மூடிவிடுவார்கள்.
மிச்சம் பதினேழு நிமிடம்,
ஒரு தேநீர் ஆறுகிற நேரம்.

கையைத் துடைத்துக்கொண்டு
கைபேசியில் அலாரம் வைத்தான்: ஒன்பது.
மடக்கு நாற்காலியைக் காருக்கு எடுத்துப் போனவன்
திரும்பி வந்து
போர்வையையும் எடுத்துக்கொண்டான்.

மூடியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.
அலுவலகத்தில் "பதினேழுக்குள்" என்று சொல்லியிருக்கலாம்.
வெளியே கொடிக்கயிற்றில் என் நீச்சல் உடை
காலும் கையுமாக ஆடிக்கொண்டிருக்கிறது.
காற்று, தென்மேற்கு.