பென்சிலால் மட்டும் நிரப்பவும்

மேய்ன் மாநிலத்தில் பிப்ரவரிக்கு நிறம் கிடையாது.
ஆண்ட்ரோஸ்காகின் ஆறு பாலத்தடியில் உறைந்து கிடக்கிறது.
மூன்று மஞ்சள் பேருந்துகளிலிருந்து இறங்குகிறார்கள்
எட்டாம் வகுப்பு நூற்று நாற்பது பேர்,
காலணி அப்பிய பனியோடு நேரே
மெழுகு போட்ட எங்கள் கூடத்துத் தரைக்கு.

ஏழாம் மேசை என்னுடையது.
ஒடீல் கரோன், பத்தாம் வகுப்பு.
நெஞ்சில் ஓர் அட்டை: என்னிடம் கேள்.
சேவைக் கணக்கில் ஐந்து மணி நேரம் சேரும்,
அதற்காகத்தான் வந்தேன், பொய் சொல்வானேன்.

படிவத்தில் எட்டுப் பெட்டி.
ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு
நாலையும் அவர்களே அச்சடித்துவிட்டார்கள்.
உடற்பயிற்சியிலிருந்தும் தப்ப முடியாது.
மிச்சம் மூன்று.
அந்த மூன்றின் முன்னால்தான்
பென்சிலின் பின்பக்கத்தைக் கடிக்கிறது ஊர்ப் பிள்ளைகள் மொத்தமும்.

வெல்டிங் எடுத்தால் கல்லூரி சேர்த்துக்கொள்ளுமா?
(சேர்க்கும் என்றுதான் நினைக்கிறேன், மூன்றாம் மேசையில் கேள்.)
வீட்டில் பிரெஞ்சு பேசுகிறவள் பிரெஞ்சு எடுத்தால் ஏமாற்றா?
(உன் எழுத்துப்பிழைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.)
கழிப்பறை எங்கே?
(இதற்கு மட்டும் நிச்சயமான பதில் உண்டு.)

திருமதி வாஷ்பர்ன் கொடுத்த குறிப்புத் தாளில்
மூன்றாவது வரி:
தோழர்களைப் பார்த்துப் பாடம் எடுக்க வேண்டாம் எனச் சொல்லவும்.
காலையிலிருந்து அதை மென்றுகொண்டிருக்கிறேன்,
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே கூடம்.
கொரீன் யோசித்து நிரப்பினாள்.
நான் கொரீனைப் பார்த்து நிரப்பினேன்.
அவள் பேண்டு வாத்தியம், நானும் பேண்டு வாத்தியம்.
அவளுக்குப் புல்லாங்குழல்; என் முறை வந்தபோது
அலமாரியில் கிளாரினெட்தான் பாக்கி.
அக்டோபரில் அவள் அம்மாவுக்கு நாஷுவாவில் வேலை கிடைத்தது.
கொரீன் போனாள்.
கிளாரினெட் போகவில்லை.

பதினொன்றரைக்கு வந்தார்கள் வர்ஸமேயும் எமெரியும்,
கையில் ஒரே தாள், மேலே இரண்டு பெயர்.
இது செல்லாது, என்றேன்.
ஏன்?
கணினி ஒரு தாளுக்கு ஒரு ஆளைத்தான் நம்பும்.
இன்னொரு தாள் கொடுத்தேன். வர்ஸமே
அச்சுப் பிசகாமல் பார்த்து எழுதினான்: மரவேலை.
எழுதிக்கொண்டே சொன்னான்,
மரத்தூள் பட்டால் எனக்கு மூச்சு இரைக்கும்.

மூன்றாவது வரிக்கு இதைவிட நல்ல நேரம் வராது.
வாயைத் திறந்தேன்; கொரீன் கதைதான் வந்தது.

இருவரும் கேட்டார்கள். பிறகு வர்ஸமே,
இப்போது வாசிக்கத் தெரியுமா உனக்கு?
மூன்றாவது இருக்கை, என்றேன்.
எத்தனை பேரில்?
நாலு பேரில்.
அது மோசமா?
நாலாவது ஆளைக் கேட்டால் இல்லை.

எமெரிதான் முதலில் சிரித்தான்.
நான் சொல்லாமல் விட்டது ஒன்று:
இந்த வருஷம் அந்தப் பெட்டியில் மறுபடி
பேண்டு என்று எழுதியபோது பக்கத்தில் யாரும் இல்லை.
ஏன் எழுதினேன் என்று கேட்டிருந்தால்
கழிப்பறைக்குத்தான் வழி காட்டியிருப்பேன்.

வர்ஸமே ரப்பரை எடுத்தான்.
அழித்தான், தாள் கிழியுமோ என்கிற அளவுக்கு.
இடது கையால் மறைத்துக்கொண்டு எதையோ எழுதினான்.
எமெரி எட்டிப் பார்க்கவில்லை.
கூடைப்பந்து வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
அதில் வலை இல்லை.
என்ன எழுதினாய்?
சாப்பிடும்போது சொல்கிறேன்.

பேருந்து ஹாரன் அடித்தது.
கூடம் காலியாயிற்று, தரையெங்கும் பனி கரைந்த தண்ணீர்.
மேசையில் குவிந்த ரப்பர் தூளை
உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளினேன்.
மெலிசான கறுப்புப் புழுக்கள்,
ஒவ்வொன்றும் யாரோ எடுக்காமல் விட்ட ஒரு வருஷம்.

என் பையில் பதினொன்றாம் வகுப்புப் படிவம்.
வெள்ளிக்கிழமை கடைசி நாள், மூன்று பெட்டி வெள்ளை.
சரி, இப்போதே முடித்துவிடலாம் என்று தேடினால்
மேசை மேல் வைத்திருந்த பன்னிரண்டு பென்சிலில்
ஒன்றுகூட மிச்சமில்லை.